மார்லீனுக்குக் கிளப் போட்ட நட்சத்திரங்கள்

மார்லீன் கில்லிக்கைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது கோபம். பாசமெல்லாம் அதற்கு அப்புறம்தான். அந்த வருடத்துக் குளிர்காலத்தில் அவள் என்னைப் படுத்திய பாட்டுக்கு, வேறு யாராக இருந்தாலும் "உன் வெப்சைட்டும் வேண்டாம், உன் சகவாசமும் வேண்டாம்" என்று கையைக் கழுவியிருப்பேன். அவளிடம் மட்டும் என்னால் முடியவில்லை.

மெல்பர்னுக்கு மேற்கே கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஊர் வார்னம்பூலில் சிம்னி சுத்தம் செய்பவள் அவள் ஒருத்திதான். கொஞ்சம் தள்ளி, ஹாமில்டன் ஊரில் ஓர் ஆள் இருக்கிறான், அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். மார்லீன் பதினாறு வயதில் தையல் தொழிற்சாலையில் சேர்ந்தவள். அதை மூடியதும் மீன் பதப்படுத்தும் இடம். அதையும் மூடியதும் ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் லாண்டரி. எங்கே போனாலும் தலைக்கு மேல் ஒரு சூப்பர்வைசர் நின்றுகொண்டிருப்பார். சிம்னித் தொழில் அவள் கணவர் டெஸ்ஸுடையது. போர்ட் ஃபேரியில் ஓர் ஈரக்கூரையிலிருந்து வழுக்கி விழுந்ததில் அவருக்கு இடுப்பு உடைந்தது. இப்போது நடக்கிறார், ஏணி மட்டும் ஏற முடியாது. தொழிலை விற்றுவிடு என்று ஊரே சொன்னபோது, மார்லீன் பிரஷ்ஷையும் நீளக் கழிகளையும் எடுத்துக்கொண்டு தானே ஏறிவிட்டாள். அப்போது அவள் ஐம்பதைத் தாண்டியிருந்தாள்.

"மொத நாள் பயமா இல்லையா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"பயமா? வாழ்க்கையிலயே முதல் தடவையா எனக்கு மேல யாரும் இல்ல, கண்ணு. ஒரே ஒரு கடல்காக்கா உட்கார்ந்திருந்துச்சு. அதுவும் நான் திட்டுன திட்டுல பறந்து போயிடுச்சு."

நான் இந்த ஊரில் சின்னச் சின்னத் தொழில்காரர்களுக்கு வெப்சைட் செய்து கொடுத்துப் பராமரிப்பவள். என் கணவருக்கு இங்கே ஆஸ்பத்திரி வேலை. அதற்காக வந்தோம், அப்படியே தங்கிவிட்டோம். வசுந்தரா என்ற என் பெயரை வந்த வாரமே "வாஸ்" என்று வெட்டிவிட்டார்கள். இவர்கள் பெயரை வெட்டினால் அது பாசம் என்று எனக்குப் புரியவே வெகுநாள் ஆனது.

யாராவது ஃபோனை எடுத்து "வார்னம்பூல் சிம்னி சுத்தம்" என்று தட்டினால் தேடலில் முதலில் யார் பெயர் வர வேண்டும் என்பதுதான் என் பிழைப்பு. இதில் பாதி வேலை நேர்மையாக நாலு பக்கம் எழுதுவது. மீதிப் பாதி, வாடிக்கையாளர்கள் புத்திசாலித்தனம் காட்டாமல் பார்த்துக்கொள்வது. நாய்க்கு முடி வெட்டும் அம்மா ஒருத்தி, என்னைக் கேட்காமல், சுற்றுவட்டார ஊர்ப் பெயர்கள் அத்தனையையும் வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்தில் ஒளித்து வைத்தாள். மனிதக் கண்ணுக்குத் தெரியாதாம், தேடுபொறிக்குத் தெரியுமாம். நன்றாகவே தெரிந்தது. அவளைத் தூக்கி எங்கோ போட்டுவிட்டது. வேலி போடும் ஒரு மனுஷன், யாரோ ஃபோனில் சொன்னான் என்று இணைப்புகளை மொத்தமாக விலைக்கு வாங்கினான். கடைசியில் அவன் வேலிக் கம்பெனிக்குச் சூதாட்டப் பக்கங்களிலிருந்து வழி போட்டிருந்தார்கள். இவர்களோடு மல்லுக்கட்டியே எனக்கு முடி நரைத்தது.

மார்லீனின் வெப்சைட்டில் அந்தத் தொல்லையே கிடையாது. அவள் பேசப் பேச நான் அப்படியே தட்டச்சு செய்தேன். "ஹீட்டர் புகையுதா? ஈர விறகு போட்டிருப்பீங்க. அதுக்கு என்னைக் கூப்பிடாதீங்க, விறகை மாத்துங்க." ஒரு தொழில்காரி தன் பக்கத்திலேயே என்னைக் கூப்பிடாதே என்று எழுதினால் யார்தான் நம்பாமல் இருப்பார்கள்? வருடக்கணக்கில் முதல் இடம் அவளுக்குத்தான்.

தெரியாத நம்பரிலிருந்து ஃபோன் வந்தால்தான் அவளுக்குச் சோறு. இந்தத் தென்கோடி நாட்டில் பருவம் தலைகீழ். ஈஸ்டரையொட்டி முதல் குளிர் அடிக்கும்போது ஜனங்களுக்குத் திடீரென்று விறகு ஹீட்டர் ஞாபகம் வரும். அப்போதிலிருந்து ஜூன் மாதத்து நீண்ட வார இறுதி விடுமுறை வரைக்கும் ஃபோன் ஓயாது. அந்தச் சில வாரங்களில் சம்பாதிப்பதுதான் வருடம் முழுக்க. வெயில் காலத்தில் சிம்னிக்குள் விழுந்த பாஸம் என்கிற மரவிலங்கின் குட்டியை எடுத்துவிடுவது மாதிரி வேலைகள்தான் வரும்.

அந்த வருடம் ஈஸ்டருக்குக் கொஞ்சம் முன்னால் தேடுபொறி தன் கணக்கை மாற்றியது. வருடத்தில் சில முறை இப்படி நடக்கும். எதற்கு எத்தனை மதிப்பு என்பதை அவர்களாகவே மாற்றுவார்கள், யாரையும் கேட்க மாட்டார்கள். மேலே இருப்பவன் கீழே போவான், கீழே இருப்பவன் மேலே வருவான். மார்லீன் மூன்றாம் பக்கத்துக்குப் போய்விட்டாள். மூன்றாம் பக்கம் வரைக்கும் புரட்டுகிற பொறுமை குளிரில் நடுங்குகிறவனுக்குக் கிடையாது. முதல் பக்கத்தில் மெல்பர்னில் உட்கார்ந்திருக்கும் விலை ஒப்பிடும் கம்பெனிகள் வந்து அமர்ந்துகொண்டன. அதில் ஒருவனும் வாழ்நாளில் சிம்னிக்குள் தலையை விட்டிருக்க மாட்டான்.

ஒரு வாரம் கழித்து மார்லீன் கூப்பிட்டாள்.

"வாஸ், என் ஃபோன் செத்துப்போச்சான்னு பாரேன்."

"இப்ப அதுலதானே பேசிட்டிருக்க?"

"அட ஆமா. அப்ப ஏன் யாருமே கூப்பிடல?"

சொன்னேன். கணக்கு மாறியிருக்கிறது, ஆட்டம் அடங்கச் சில வாரம் பிடிக்கும், அதுவரைக்கும் எதையும் தொடக்கூடாது என்று தலைகீழாக நின்று சொன்னேன். பதற்றத்தில் எதையாவது மாற்றினால், எதனால் இறங்கினோம் என்பதே தெரியாமல் போய்விடும்.

"வீடு எரியுது, நீ உக்காந்து வேடிக்கை பாருன்னு சொல்ற."

"எரியல மார்லீன். காத்து திசை மாறியிருக்கு. திரும்பும். நீ மட்டும் கைய வைக்காதே."

"நேத்து அந்த மெல்பர்ன் கம்பெனியிலேர்ந்து ஒரு பொண்ணு பேசுச்சு. டென்னிங்டன்ல ஒருத்தருக்கு சிம்னி சுத்தம் பண்ணணுமாம், பணம் கட்டுனா நம்பர் தருவாங்களாம். டென்னிங்டன், வாஸ்! என் வீட்டுச் சமையல்கட்டு ஜன்னல்லேர்ந்து தெரியுது அந்தக் கூரை!"

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கைய வைக்காதே என்றுதான் மறுபடியும் சொன்னேன்.

அவளுக்கு வேறு ஒரு பயம் இருந்தது. பால்பவுடர் தொழிற்சாலையில் ஒரு வேலை காலியாக இருந்தது. டெஸ்ஸுடைய பழைய சிநேகிதர் ஒருவர் அதை ஜூன் விடுமுறை வரை இவளுக்காகப் பிடித்து வைத்திருந்தார். அதற்குள் சீசன் எழுந்திருக்காவிட்டால் வேனை விற்றுவிட்டு அங்கே போவது என்று புருஷனும் பெண்டாட்டியுமாகப் பேசி முடித்துவிட்டார்கள். தொப்பி, காதடைப்பான், தலைக்கு மேல் சூப்பர்வைசர். "போயிட்டுத்தான் போறேன். பழகினதுதானே" என்றாள். அதை அவள் சொன்ன விதம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

நான் சொன்னபடி அவள் கை வைக்கவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கை வைக்க இந்த ஊரில் வேறு ஆட்கள் இல்லையா?

மார்லீன் ஊர்க் கால்பந்துக் கிளப்பின், இவர்கள் பேச்சில் ஃபுட்டி கிளப்பின், கேண்டீனை எத்தனை காலமாக நடத்துகிறாள் என்று அவளுக்கே தெரியாது. வியாழக்கிழமை சாயங்காலம் பயிற்சி முடிந்ததும் எல்லோரும் கிளப்பில் சாப்பிடுவார்கள், சனிக்கிழமைக்கான அணிப் பட்டியலைப் படிப்பார்கள், ஒரு தட்டுப் பச்சைக்கறியைப் பரிசாக வைத்துக் கறித்தட்டுச் சீட்டுக் குலுக்குவார்கள். டிம் சிம் என்கிற, கறி வைத்த கொழுக்கட்டையைப் பொரிப்பது மார்லீன். அந்தச் சமையலறை மின்விசிறி போடும் சத்தத்தில் உள்ளே நிற்பவளுக்கு வெளியே இடி விழுந்தாலும் கேட்காது.

கிளப் தலைவரை ஊரே ஸ்பட் என்று கூப்பிடும், உருளைக்கிழங்கு என்று அர்த்தம். பக்கத்துக் கொராய்ட்டில் அதையே பயிரிடுகிற டோஹெனி குடும்பத்து ஆள், நல்ல ஆகிருதி, அதைவிடப் பெரிய மனசு. அந்த மனசுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. மார்லீனின் தொழில் படுத்துவிட்டது என்று டெஸ் மூலமாகக் கேள்விப்பட்டதும், அந்த வியாழக்கிழமை ஸ்பட் நாற்காலி மேல் ஏறி மைக்கைப் பிடித்தான். நான் அன்றைக்கு அங்கே இல்லை. இருந்திருந்தால் நாற்காலியை உருவியிருப்பேன்.

"எல்லாரும் ஃபோனை எடுங்கடா! நம்ம மார்ல் நெட்ல கீழ போயிட்டாளாம். நாம இருக்கும்போது அவ கீழ போறதா? ஆளுக்கு அஞ்சு ஸ்டார் போடுங்க. போட்டாத்தான் கறித்தட்டுச் சீட்டு!"

நாற்பது பேருக்குக் குறையாது. ஒரே கூடம், ஒரே வைஃபை, ஒரே மணி நேரம். கேண்டீன் உள்ளே மார்லீன் டிம் சிம்மைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு நான் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஜூனியர் அணியின் கோச் எழுதியிருந்தான்: "மார்லீன் மாதிரி சிம்னி பார்க்க ஆளே இல்லை. சொந்த அனுபவம்." அவன் இருப்பது இரண்டாம் மாடி ஃபிளாட்டில், ஏசி மட்டும்தான். இன்னொருவன்: "எங்க வீட்டுல சிம்னி கிடையாது. இருந்தா இவளைத்தான் கூப்பிடுவேன்." இன்னொருவன்: "டிம் சிம் அருமை." இதற்கெல்லாம் சிகரமாக, டெஸ்ஸின் உயிர்த்தோழன் லாரி, ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, "என் ஏணியை வாங்கிட்டுப் போனவ திருப்பியே தரல. யாரும் நம்பாதீங்க" என்று எழுதியிருந்தான்.

அது வெறுப்பு இல்லை. இங்கே ஒருவனை எவ்வளவு மட்டமாகத் திட்டுகிறார்களோ அவ்வளவு உயிர் என்று அர்த்தம். அஞ்சு நட்சத்திரம் போட்டவர்கள் சும்மா தெரிந்தவர்கள், லாரிதான் நெருங்கியவன். இதை நான் எந்த இயந்திரத்துக்குப் போய் விளக்குவது?

இயந்திரம் விளக்கம் கேட்கவும் இல்லை. இரண்டே நாளில் மார்லீன் தேடுபொறியின் வரைபடத்திலிருந்தே காணாமல் போனாள். மூன்றாம் பக்கம், முப்பதாம் பக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பெயரைத் தட்டினாலும் வரவில்லை. பல வருடமாக உண்மையான வாடிக்கையாளர்கள் எழுதி வைத்த நல்ல வார்த்தைகளும் கூடவே போய்விட்டன. பொய்யான பாராட்டு சேர்த்ததால் நீக்கியிருக்கிறோம், மறுபரிசீலனை வேண்டுமானால் நடந்ததை விளக்கி எழுதுங்கள் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். சமையல்கட்டு மேசையில் அதைத் திறந்து வைத்தேன்.

"நல்லவேளை, இது சுலபம். நீ ஒண்ணும் பண்ணல. கிளப்ல உனக்குத் தெரியாம நடந்துச்சு. அதை அப்படியே எழுதுவோம். யாரு, எங்க, எப்பன்னு."

"யாருன்னு எழுத மாட்டேன்."

"என்னது?"

"ஸ்பட் பேரையோ கிளப் பேரையோ எழுத மாட்டேன்னேன். நான் யாரையும் போட்டுக் குடுக்கறதில்ல."

"மார்லீன், அது போலீஸ் இல்ல. யாரும் ஸ்பட்டை வந்து பிடிச்சிட்டுப் போகமாட்டாங்க. அது ஒரு மெஷின்!"

"மெஷினா இருந்தா என்ன? போட்டுக் குடுத்தா போட்டுக் குடுத்ததுதான். அவங்க எனக்கு நல்லது செய்யணும்னு செஞ்சாங்க."

"நல்லதா? உன்னைக் குழியில இறக்கி மண்ணைத் தள்ளியிருக்காங்க!"

"அவங்களுக்கு அது குழின்னு தெரியாதுல்ல?"

கூட உட்கார்ந்திருந்த டெஸ் அடுப்பில் விறகைத் தள்ளிவிட எழுந்து போய்விட்டார். டீ போடலாம் என்று நான் எழுந்து கெட்டிலைத் தட்டிவிட்ட நேரத்தில், பின்னால் டொக், டொக் என்று சத்தம். இரண்டு விரலால் மார்லீன் தட்டிக்கொண்டிருந்தாள். நான் கோப்பையோடு திரும்புவதற்குள் அனுப்பியும் விட்டாள்.

"என்ன எழுதுன?"

"தப்பு என்னுது, நான்தான் எல்லாரையும் போடச் சொன்னேன், மன்னிச்சிடுங்கன்னு. அவ்வளவுதான்."

நான் அந்த டீயைக் குடிக்கவில்லை. செய்யாத குற்றத்தை ஒருத்தி எழுத்தில் ஒப்புக்கொண்டு, அதையும் ஓர் இயந்திரத்திடம் ஒப்புக்கொண்டு, மன்னிப்பும் கேட்டிருக்கிறாள்! அவளைத் திட்டின திட்டு டென்னிங்டன் வரைக்கும் கேட்டிருக்கும். அவள் பிஸ்கட் டப்பாவை என் பக்கம் நகர்த்திவிட்டு, "முடிஞ்சுதா? ஒண்ணு எடுத்துக்கோ" என்றாள்.

பதில் சீக்கிரமே வந்தது. விதியை மீறியதாக நீங்களே ஒப்புக்கொண்டிருப்பதால் நீக்கம் தொடரும்.

அந்த வாரம்தான் சரியான குளிர் இறங்கியது. தெற்கிலிருந்து மழையும் காற்றும். ஊரில் எந்தத் தெருவில் போனாலும் கூரைக்குக் கூரை புகை. அத்தனை சிம்னிக்கும் வேறு எவனோ பிரஷ் போட்டிருக்கிறான் என்று நினைக்க நினைக்க எனக்கு வயிறு எரிந்தது. மெல்பர்ன் கம்பெனிகள் ஹாமில்டன்காரனுக்கு நம்பர் நம்பராக அனுப்பிக்கொண்டிருந்தன. ஒரு நாள் சூப்பர் மார்க்கெட் வாசலில் மார்லீனின் வேன் நின்றது. பின்கண்ணாடியில் "விற்பனைக்கு" என்று ஓர் அட்டை. அதன் கீழே இருந்த ஃபோன் நம்பர், வருடக்கணக்காக நான் முதல் பக்கத்தில் தூக்கி நிறுத்திய அதே நம்பர். கையில் பால் பாட்டிலோடு நான் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

அடுத்த வியாழக்கிழமை கிளப்புக்குப் போனேன். ஸ்பட் சீட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தான். நேராகப் போய் மைக்குக்குக் கையை நீட்டினேன்.

"என்ன வாஸ், பாட்டா?"

"போட்டுக் குடுக்க வந்திருக்கேன்."

"யாரை?"

"மார்லீனை."

கேண்டீன் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே மார்லீனுக்கு எதுவும் கேட்காது. நடந்ததைச் சொன்னேன். நீங்கள் போட்ட நட்சத்திரத்தால் அவள் வரைபடத்திலேயே இல்லை, பழைய நல்ல பெயரும் போச்சு, யார் செய்தது என்று கேட்டதற்கு உங்கள் ஒருவர் பெயரையும் சொல்லாமல் நான்தான் செய்தேன் என்று எழுதிக் கொடுத்தாள், வேன் கண்ணாடியில் அட்டை தொங்குகிறது.

ஸ்பட்டின் முகம் உருளைக்கிழங்கு வேகவைத்த மாதிரி ஆகிவிட்டது. "நாங்க உதவிதானே வாஸ் பண்ணோம்..."

"சரி. இங்க மார்லீனைக் கூப்பிட்டு நிஜமாவே சிம்னி சுத்தம் பண்ணவங்க கையத் தூக்குங்க."

இரண்டு கை உயர்ந்தது. ஒன்று ஓய்வுபெற்ற டீச்சர், இன்னொன்று கோல் போஸ்ட்டில் கொடி அசைக்கும் ஆள். நாற்பது பேரில் இரண்டு கை! எனக்கு இது தெரியவே தெரியாது. அடி விழுந்த மாதிரி இருந்தது.

"மத்தவங்க வீட்லல்லாம் அடுப்பு எரியலையா? ஸ்பட், உன் சிம்னிய யாரு பாக்கறா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஹாமில்டன்லேர்ந்து ஒருத்தன் வரான்" என்றான்.

"ஹாமில்டனா! ஏன்?"

"மார்லைக் கூப்பிட்டா காசு வாங்கவே மாட்டாளே. எங்க அண்ணன் வீட்டுக்கு வந்தப்ப அவன் சட்டைப்பையில திணிச்ச பணத்தைத் திருப்பி லெட்டர் பாக்ஸ்ல போட்டுட்டுப் போனவ. அவ பொழப்பைக் கெடுக்கக் கூடாதுன்னுதான் மாப்ளைங்க யாரும் கூப்பிடறதில்ல. வேற என்ன பண்றது சொல்லு?"

ஆமாம் ஆமாம் என்று கூடம் முழுக்கத் தலையாட்டல். இவள் அவர்களிடம் காசு வாங்க மாட்டாளாம். வாங்க மாட்டாள் என்பதால் அவர்கள் இவளைக் கூப்பிட மாட்டார்களாம். இந்த அழகில் தேடுபொறியோடு நான் வருடக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறேன். முட்டாள்கள். தங்கமான முட்டாள்கள்.

அப்போதுதான் மின்விசிறி நின்றிருப்பதைக் கவனித்தேன். பரிமாறும் ஜன்னலில் மார்லீன் இடுக்கியோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"ஹாமில்டன்காரனா, ஸ்பட்?" என்றாள்.

ஸ்பட் சீட்டை மறுபடி குலுக்க ஆரம்பித்தான்.

"விலையைச் சொல்லு மார்லீன்" என்றேன் நான்.

"என்ன?"

"ஒரு சிம்னிக்கு எவ்வளவு வாங்குவேன்னு இவங்ககிட்ட சொல்லு. இப்பவே."

மைதானத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் அம்பயரைப் பரம்பரையோடு திட்டுகிற வாய் அது. அந்த வாய் திறக்கவில்லை. கழுத்திலிருந்து நெற்றி வரைக்கும் சிவந்துபோனாள். இடுக்கியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினாள். ஈரக்கூரையில் தனியாக ஏறுகிறவளுக்கு, தெரிந்த முகங்களுக்கு எதிரே ஒரு தொகையைச் சொல்வதற்கு அத்தனை நேரம் பிடித்தது. கடைசியில் சொன்னாள். வெளியாட்களிடம் வாங்கும் முழுத் தொகையை, ஒரு டாலர் குறைக்காமல்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "கிளப் ஆளுங்களுக்குத் தள்ளுபடி கிடையாதா, மார்ல்?"

"உண்டு. டிம் சிம்ல."

சிரிப்பில் கூரை பறந்தது. அவள் சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மின்விசிறியைப் போட்டுக்கொண்டாள்.

மீதியை ஸ்பட் பார்த்துக்கொண்டான். மறுபடி நாற்காலி, மறுபடி "ஃபோனை எடுங்கடா", இந்தத் தடவை அழிப்பதற்கு. லாரி மட்டும் சண்டை போட்டான். "நான் போட்டது பொய்யில்ல வாஸ், ஏணி இன்னும் அவகிட்டதான் இருக்கு!" ஏணி வேறு, சிம்னி வேறு, அழி என்று பக்கத்திலேயே நின்று அழிக்க வைத்தேன். அப்புறம் ஸ்பட் கிளப்பின் பெயரில், நாங்கள்தான் செய்தோம், அவளுக்குத் தெரியாது, அவள் எங்களைக் காப்பாற்றப் பொய் சொன்னாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். தன்னைத் தானே காட்டிக்கொடுத்துக்கொள்வதில் இவர்களுக்குத் தடை ஏதும் இல்லை போலிருக்கிறது. அதை வைத்து மறுபடி விண்ணப்பித்தேன்.

மார்லீன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். "என்னைப் போட்டுக் குடுத்துட்டல்ல" என்று வழியில் பார்த்தபோது ஒரே ஒரு வரி சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் அவள் வேன் நிற்கும் இடங்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கோச்சின் அம்மா வீடு, கொடிக்காரர் வீட்டுக்குப் பக்கத்து வீடு, கொராய்ட் ரோடு. ஜூன் விடுமுறைக்கு முன்தினம் டெஸ் என்னை பேக்கரியில் பார்த்து, பால்பவுடர் வேலையை வேறு ஆளுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். சந்தோஷமாகத்தான் சொன்னார், ஆனால் கூடவே, "கிளப் ஆளுங்க எத்தனை பேர் வாஸ்? எல்லா வீடும் முடிஞ்சா அடுத்த வருஷம் யாரு கூப்பிடுவாங்க?" என்றும் கேட்டார். அந்த விற்பனை அட்டை அதுவரைக்கும் வேன் கண்ணாடியிலேயே இருந்தது.

குளிர் பாதி தாண்டியபோது நீக்கத்தை ரத்து செய்தார்கள். திரும்ப வந்தாள், ஆனால் பழைய பாராட்டு ஒன்றுகூட இல்லாமல், புதிதாகக் கடை திறந்தவளைப் போல. தேடலிலும் ஆட்டம் அடங்கியிருந்தது. முதல் இடம் இல்லை. மெல்பர்ன் கம்பெனிகளுக்குக் கீழே, முதல் பக்கத்தின் அடியில் ஓர் ஓரம். அந்த ஓரத்துக்காக நான் எவ்வளவு கத்தியிருக்கிறேன் என்று நினைத்தால் எனக்கே அலுப்பாக இருக்கிறது.

அப்புறம் ஒரு நாள் பகலில் ஃபோன் வந்தது. "மார்லீன்" என்று காட்டியது. எடுத்ததும் காற்றுச் சத்தம் காதைக் கிழித்தது.

"மூணு ஸ்டாரு வாஸ்! மூணு! அந்த உருளைக்கிழங்குத் தலையன் மூணு போட்டிருக்கான்!"

திறந்து பார்த்தேன். வெறுமையாக இருந்த பக்கத்தில் ஒரே ஒரு ரிவ்யூ. ஸ்பட் எழுதியிருந்தான்: "சொன்ன நேரத்துக்கு வரல. வந்ததிலேர்ந்து வாய் ஓயல. முழுக்காசும் வாங்கிட்டா. ஹாமில்டன்காரன் இத்தனை வருஷமா பாதிக் குழாயைத்தான் சுத்தம் பண்ணியிருக்கான்னு கரியை அள்ளிக் காட்டினா. இப்ப அடுப்பு நல்லா இழுக்குது. மறுபடியும் கூப்பிடுவேன்."

"இதை எடுக்க முடியுமா? நீதான் இதுல கெட்டிக்காரியாச்சே."

"பொய்யா எழுதியிருக்கான்?"



"லேட்டாப் போனேன்."

"வாயி?"

"அதுவும்தான்."

"அப்பக் கைய வைக்காதே."

"மூணு ஸ்டாரு வாஸ்..."

"கைய வைக்காதேன்னா வைக்காதே. நீ எங்க இருக்க இப்ப?"

"எங்கே இருப்பேன், கூரை மேலதான்." அவள் மூச்சு வாங்கினாள். கோபம் தணிந்த குரலில், "இரு, இன்னொரு கால் வருது" என்றாள். "வாஸ், தெரியாத நம்பர்."

"எடு" என்றேன்.